லேப்டாப் செத்தது, கம்ப்யூட்டர் சாகவில்லை

போன மாதம் என் லேப்டாப் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தது. திரை ஒரு தடவை மின்னிவிட்டு அணைந்தது, அப்புறம் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் மூச்சுப் பேச்சு இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இப்படி நடந்திருந்தால் ஒரு வாரம் தூக்கம் போயிருக்கும். இந்த முறை புது லேப்டாப் வந்ததும் ஈமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தேன், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைத் தட்டினேன், முக்கால் மணி நேரத்தில் புக்மார்க்குகள், பாதியில் விட்டிருந்த கட்டுரை, பத்து வருடப் போட்டோக்கள், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. வால்பேப்பர்கூட அதேதான். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் வரவில்லை, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குள் ஓடிய கேள்வி இதுதான். செத்தது என் கம்ப்யூட்டர் என்றால், இப்போது என் முன்னால் திறந்திருப்பது யாருடைய கம்ப்யூட்டர்? ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் அந்த ‘பெர்சனல்’ எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் பெட்டிக்குள் இருந்தது. இப்போது பெட்டியை விட்டு வெளியேறி எங்கோ ஒரு சர்வரில் ஒரு கணக்காக, அதாவது அக்கவுண்டாக, உட்கார்ந்திருக்கிறது. பெட்டி மலிந்துகொண்டே போகிறது, கணக்கு கனத்துக்கொண்டே போகிறது. கிளவுட், அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் தூரத்து சர்வர்கள், வந்ததால் பிசி அழிந்துவிடும் என்று பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அழியவில்லை. ஆனால் உள்ளே இருந்தது இடம் மாறிவிட்டது, அது எப்படி நடந்தது என்பதுதான் விஷயம்.

கிளவுட் என்பது புது யோசனையே இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். 1960களில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஒரு பெரிய அறை, குளிரூட்டும் இயந்திரம், கவனித்துக்கொள்ள ஆட்கள். அவ்வளவு விலை உயர்ந்த இயந்திரத்தை ஒரே ஆள் ஒரு நேரத்தில் பயன்படுத்துவது அநியாயமாகத் தெரிந்தது. அதனால் ஒரு இயந்திரத்தின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பலருக்குப் பங்கு போடும் ‘டைம் ஷேரிங்’ வந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு 1961ல் அதைச் செய்து காட்டியது. அதே வருடம் அதே எம்ஐடியில் கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி பேசும்போது, தொலைபேசி போலக் கம்ப்யூட்டிங்கும் ஒருநாள் பொதுச் சேவையாக ஆகலாம் என்றார். இன்றைக்கு கிளவுட் விற்பவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான், விளம்பரப் படம் மட்டும் அழகாக இருக்கிறது.

அந்தக் கனவைக் கலைத்தது மலிவு. சிப்புகள் மலிந்தன. 1965ல், பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர், ஒரு சிப்பில் வைக்கக்கூடிய பாகங்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் இரட்டிப்பாகும் என்று எழுதினார், 1975ல் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று திருத்தினார். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது அடிப்படை மாடலின் விலை 1,565 டாலர், உள்ளே 16 கிலோபைட் ராம் நினைவகம். இந்தக் கட்டுரையின் எழுத்துகளைச் சேமிக்கக்கூட அந்த ராம் போதாது. ஆனாலும் அது ‘என்னுடையது’. யாரிடமும் நேரம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தட்டலாம், தப்பு செய்தால் திட்ட ஆள் இல்லை. பிசி ஜெயித்ததற்குக் காரணம் வேகம் இல்லை. வேகத்தில் அது பெரிய இயந்திரங்களின் கால் தூசுக்குக்கூட வராது. அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதனால் ஜெயித்தது.

அதாவது மையத்தில் இருந்தது மேசைக்கு வந்தது. அப்புறம் மறுபடி மையத்துக்குப் போனது. எதற்காக?

இதற்குக் கணக்கு எளிது. கணக்குப் போடும் வேலை மலிவா, தகவலை இங்கிருந்து அங்கே அனுப்புவது மலிவா என்பதைப் பொறுத்துத்தான் கம்ப்யூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பது தீர்மானமாகிறது. அனுப்புவதற்குச் செலவு அதிகம் என்றால் மேசையிலேயே வைத்துக்கொள்வோம். அனுப்புவது மலிந்துவிட்டால் எங்கே மொத்தமாகச் செய்தால் சல்லிசோ அங்கே அனுப்பிவிடுவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆரக்கிள் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தின் லாரி எல்லிசன் 1995ல் ‘நெட்வொர்க் கம்ப்யூட்டர்’ என்று ஒன்றை முன்வைத்தார்: ஹார்ட் டிஸ்க் இல்லாத, 500 டாலர் விலைக்குள் வரும் பெட்டி, எல்லாம் நெட்வொர்க்கிலிருந்து வரும். யோசனை தப்பே இல்லை, கிட்டத்தட்ட இன்றைய குரோம்புக்தான், கூகுளின் பிரவுசர் லேப்டாப். ஆனால் அப்போது வீடுகளில் இருந்தது போன் லைன் வழியாக நொடிக்கு 28.8 கிலோபிட் கொண்டுவரும் மோடம். ஒரே ஒரு மெகாபைட் ஃபைல் இறங்க நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால். இதற்குள் சாதாரண பிசியே 1997 வாக்கில் ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. பாதிக் கம்ப்யூட்டருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று ஜனங்கள் முழுக் கம்ப்யூட்டரையே வாங்கினார்கள்.

பத்து வருடத்தில் காட்சி மாறியது. 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் ஒரு ஜிகாபைட் இடத்துடன் வந்தபோது, தேதியைப் பார்த்துவிட்டு ஏமாற்று வேலை என்று நினைத்தவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் அப்போது ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்தது 2 மெகாபைட். இடம் மட்டும் இல்லை, அதில் ஒரு பட்டனை அழுத்தினால் பக்கம் முழுக்க மறுபடி லோட் ஆகாமல் வேண்டிய பகுதி மட்டும் மாறியது. வெப்சைட் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்திருந்தது. 2006ல் அமேசான் முதலில் எஸ்3 என்று சேமிப்பிடத்தையும், அதே வருடம் இசி2 என்று கம்ப்யூட்டரையே மணிக்கணக்கில் வாடகைக்கும் விட ஆரம்பித்தது. அந்த வாடகை சர்வர்களின் மேல் ஆயிரம் சின்ன நிறுவனங்கள் முளைத்தன, 2008ல் பொதுமக்களுக்கு வந்த டிராப்பாக்ஸும் தொடக்கத்தில் ஃபைல்களை வைத்திருந்தது அந்த எஸ்3யில்தான்.

கிளவுட் என்றதும் ஏதோ மர்மமான ராட்சத இயந்திரம் என்று தோன்றும், ஆனால் அது கட்டப்பட்டதே மலிவான பிசி பாகங்களால்தான். கூகுள் 1999ல் வைத்திருந்த சர்வர்கள் கம்ப்யூட்டர் பாகங்கள் பொருந்தும் சாதாரண மதர்போர்டுகளைத் தட்டுகளில் அடுக்கி வைத்தவை, ஷார்ட் ஆகாமல் இருக்க அடியில் தக்கைத் தாள். ஒரு பெட்டி பழுதானால் அதைச் சரிசெய்துகொண்டிருக்காமல் வேலையை அடுத்த பெட்டிக்கு மாற்றும்படி சாஃப்ட்வேரை எழுதிவிட்டார்கள். விலை உயர்ந்த, கெடாத இயந்திரத்தை வாங்குவதைவிட, கெடும் என்று தெரிந்தே மலிவான நூறு இயந்திரங்களை வாங்குவது லாபம் என்று கண்டுபிடித்ததுதான் உண்மையான திருப்பம். பிசி மலிந்தது, அந்த மலிவு கிளவுடைப் பெற்றது, கிளவுட் இப்போது பிசியின் வேலையை எடுத்துக்கொள்கிறது. பிள்ளை வளர்ந்து வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதை.

சரி, மேசையில் என்ன மலிந்தது? எல்லாம் ஒரே மாதிரி மலியவில்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. சேமிப்பிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956ல் ஐபிஎம்மின் முதல் ஹார்ட் டிஸ்க் ஒரு டன்னுக்கு மேல் எடை, ஐம்பது பெரிய தட்டுகள், கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள். 1980ல் சீகேட் 5 மெகாபைட் டிஸ்க்கை 1,500 டாலருக்கு விற்றது, மெகாபைட்டுக்கு 300 டாலர். இன்று நகம் அளவு மெமரி கார்டில் அதைப் போல ஒரு லட்சம் டிஸ்க்கின் கொள்ளளவு அடங்கும். ராம், பிராசஸர், திரை எல்லாம் மலிந்தன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காதது பேட்டரி, அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னேறுகிறது. பெட்டியை வடிவமைக்கிறவர்களின் பாதித் தலைவலி அங்கேதான்.

இதைவிட முக்கியமான இன்னொன்று நடந்தது. ‘போதும்’ என்ற கோட்டை இயந்திரம் தாண்டிவிட்டது. 1990களில் மூன்று வருடப் பழைய பிசி உண்மையிலேயே பழையது, புது சாஃப்ட்வேர் அதில் நொண்டும். இன்று எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போட்டால் கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் கணக்குப் பார்க்கவும் தாராளமாகப் போதும். 2007ல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்று ஏழு அங்குலத் திரையும் 4 ஜிகாபைட் சேமிப்பிடமும் கொண்ட குட்டி லேப்டாப்பைக் கொண்டுவந்தபோது, ‘இதை வைத்து என்ன செய்வது’ என்று சிரித்தவர்கள் உண்டு, ஆனால் அது விற்றது. கீபோர்டில் விரல் மாட்டிக்கொள்ளும், திரையில் பக்கத்தின் பாதிதான் தெரியும், ஆனாலும் பிரவுசர் ஓடியது. அது போதும் என்று ஒரு கூட்டம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. 2011ல் வந்த முதல் குரோம்புக்குகள் அந்தக் கூட்டத்தைக் குறிவைத்து, பிரவுசரையே ஆபரேட்டிங் சிஸ்டமாக்கிவிட்டன.

இன்னொரு பக்கம் போன்கள். கோடிக்கணக்கில் போன் செய்ததால் அதற்கான சிப், கேமரா, திரை, வைஃபை பாகம் எல்லாவற்றின் விலையும் சரிந்தது, அந்த மிச்சத்தில்தான் 2012ல் ராஸ்பெரி பை என்று 35 டாலருக்கு, ஒரு கிரெடிட் கார்டு அளவில் முழுக் கம்ப்யூட்டரே வந்தது. 2020ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்கு எம்1 சிப்பைப் போட்டபோது அதுவும் ஐபோன் சிப்பின் வாரிசுதான். ஒரு காலத்தில் போன்கள் பிசியைப் பார்த்து வளர்ந்தன, இப்போது பிசி போனைப் பார்த்து வளர்கிறது. அதனால்தான் பல புது லேப்டாப்புகளில் ராமைப் பிடுங்க முடியாது, பேட்டரியை லேசில் கழற்ற முடியாது, ஸ்க்ரூவே கண்ணில் படாது.

இங்கே ஒரு தப்பான நினைப்பைக் கலைக்க வேண்டும். கிளவுடில் வேலை செய்தால் நம் கம்ப்யூட்டர் சும்மா கண்ணாடி மாதிரி இருந்தால் போதும், எல்லாம் அங்கே நடக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஆன்லைன் டாகுமெண்டில் நீங்கள் ‘க’ என்று ஒரு எழுத்தைத் தட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அது சர்வருக்குப் போய்த் திரும்பி வந்து திரையில் விழுவதில்லை. அப்படி இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கொஞ்சம் தாமதமாகி எரிச்சலாகிவிடும். பிரவுசருக்குள் ஓடும் நிரல் உடனே அந்த எழுத்தை வரைந்துவிடுகிறது, வரி உடைகிறதா, பக்கம் தாண்டுகிறதா என்று அங்கேயே கணக்குப் போடுகிறது, அப்புறம் சாவகாசமாக ‘இந்த இடத்தில் இந்த எழுத்து சேர்ந்தது’ என்று ஒரு சின்னக் குறிப்பை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறது. அதே பத்தியில் வேறு ஊரில் இன்னொருவர் அதே நொடியில் ஒரு வார்த்தையை அழித்திருந்தால், இரண்டு குறிப்பையும் சேர்த்து எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்து இருவருக்கும் சொல்வது சர்வரின் வேலை. ஆக, உழைப்பு இங்கே, பஞ்சாயத்து அங்கே. நெட் போனாலும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருக்க முடிவது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால், எந்த நிரல் எவ்வளவு ராமை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். இதை எழுதும்போது என் பிரவுசரில் இருபத்து மூன்று டேப், ஐந்து ஜிகாபைட் ராமைத் தின்றுகொண்டிருக்கிறது. அரட்டைக்கான ஆப், குறிப்பெழுதும் ஆப் என்று தனியாகத் தெரிகிற பலவும் உள்ளே ஒரு பிரவுசரைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருபவைதான், அதனால் ஒவ்வொன்றும் ஒரு பிரவுசரின் எடை. வன்பொருள் மலிந்தது என்று தெரிந்ததும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் சிக்கனத்தை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, மூன்று இயங்குதளத்துக்கு மூன்று தடவை எழுதுவதைவிட ஒரு தடவை எழுதி எங்கும் ஓட்டுவது அவர்களுக்கு லாபம். அந்த லாபத்துக்கான ராமை வாங்கிக் கொடுப்பது நாம்.

எல்லாமே கிளவுடுக்குப் போய்விடாததற்கு இன்னொரு காரணம் ஒளியின் வேகம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் சர்வர் இருந்தால் போக 5 மில்லிசெகண்ட், வர 5, ஆகப் பத்து. இது எதுவும் தடுக்காத நேர்வழி, நிஜத்தில் நடுவில் ரூட்டர்கள், வளைந்து போகும் கேபிள்கள், வீட்டு வைஃபை என்று இன்னும் கூடும். ஈமெயிலுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் விநாடிக்கு அறுபது படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம். கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்ற சேவையை ஆரம்பித்தது, விளையாட்டு சர்வரில் ஓடும், வீட்டுக்கு வீடியோ மட்டும் வரும், விலையுயர்ந்த கேமிங் பிசியே வேண்டாம் என்றார்கள். 2023 ஜனவரி 18ல் மூடிவிட்டார்கள். அதற்குத் தாமதம் மட்டும் காரணம் இல்லை, விளையாட்டுகள் போதாமை, வியாபார முறை என்று நிறைய. ஆனால் இதே வேலையை வேறு சில நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன, சர்வர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகவே ஓடுகிறது. தூரம் அதிகமானால் பொத்தானை அழுத்திய விரல் ஒரு உலகத்திலும், துள்ள வேண்டிய உருவம் இன்னொரு உலகத்திலும் இருக்கும்.

வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு வேறு பிரச்சினை. ஒரு நாள் ஷூட்டிங்கில் 100 ஜிகாபைட் சேருவது சாதாரணம். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அதை மேலே அனுப்ப 22 மணி நேரம் ஆகும். ஒரு டிஸ்க்கில் காப்பி செய்து கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தூங்கியும் எழுந்துவிடலாம். இறக்கும் வேகத்தைத்தான் எல்லா நிறுவனமும் பெரிய எழுத்தில் போடுகிறது, ஏற்றும் வேகம் கீழே பொடி எழுத்தில் இருக்கும், கிளவுடை நம்பி வேலை செய்கிறவருக்கு அந்தப் பொடி எழுத்துதான் வாழ்க்கை.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ‘அக்கவுண்ட்’ என்ற அர்த்தத்தில். முன்பெல்லாம் சாஃப்ட்வேர் ஒரு பொருள். டப்பாவில் வாங்கினோம், கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும் வரை ஓட்டினோம். 2011ல் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 365 வந்தது. 2013ல் அடோபி, இனி ஃபோட்டோஷாப் முதலியவற்றின் புது வடிவங்கள் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தது. மாதாமாதம் கட்டினால் திறக்கும், நிறுத்தினால் மூடிக்கொள்ளும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்டேட் தானாக வருகிறது, புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு முதல் நாளே பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி மலிந்ததில் மிச்சம் பிடித்த காசு சந்தாவாக வேறு வழியில் போய்விடுகிறது, ஐந்து வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு லேப்டாப்பைவிடச் சந்தாக்கள்தான் அதிகச் செலவு. சேமிப்பிடமும் அப்படித்தான். கூகுள் 2015ல் போட்டோக்களை அளவு குறைத்து எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது, 2021 ஜூன் முதல் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது, அதற்கப்புறம் ஏற்றுவது எல்லாம் 15 ஜிகாபைட் கணக்கில் சேரும் என்றார்கள். அதற்குள் குழந்தை பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போனது வரை எல்லாம் அங்கேதான் இருந்தது. யாரால் வெளியே வர முடியும்? ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற சிவப்பு எழுத்து வந்ததும் நானும் மரியாதையாகக் கட்டினேன்.

காசைவிடப் பெரிய விஷயம் சாவி. எனக்குத் தெரிந்த ஒருவர் போன் நம்பரை மாற்றினார், பழைய நம்பரைத்தான் தன் ஈமெயிலுக்குச் சரிபார்ப்பு நம்பராகக் கொடுத்திருந்தார் என்பதை மறந்துவிட்டார். ஒருநாள் புது கம்ப்யூட்டரில் லாக்இன் செய்யும்போது, அனுப்பிய எண்ணைப் போடுங்கள் என்றது. அந்த எண் போய்ச் சேர்ந்த பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. மாற்று வழியாகக் கேட்ட இரண்டாவது ஈமெயிலைத் திறக்கும் பாஸ்வேர்டும், திறக்க முடியாத முதல் ஈமெயிலுக்குத்தான் வரும். பாஸ்வேர்டு சரி, ஆள் சரி, கேட்க ஆள் இல்லை. ஒரு படிவம், அதற்கு ஒரு இயந்திரப் பதில், மறுபடி அதே படிவம். இரண்டு மாதம் கழித்து அதிர்ஷ்டவசமாக ஒரு பழைய டேப்லெட்டில் லாக்இன் அப்படியே இருந்ததைக் கண்டுபிடித்து மீட்டார். அந்த இரண்டு மாதமும் அவரிடம் மூன்று கம்ப்யூட்டர் இருந்தது, ஒன்றுகூட அவருடையதாக இல்லை.

சர்வர்கள் விழாதா என்றால், விழும். 2017 பிப்ரவரி 28ல் அமேசானின் எஸ்3 சேவை சில மணி நேரம் முடங்கியது, இணையத்தின் கணிசமான பகுதி அதோடு சேர்ந்து படுத்தது. காரணம், பராமரிப்பு வேலையின்போது ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டியதில் நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நிறுத்தப்பட்டன. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வீட்டு ஹார்ட் டிஸ்க் செத்துப்போவதோடு ஒப்பிட்டால் கிளவுடில் ஃபைல் தொலைவது மிக மிக அரிது. தனி ஆள் ஒருவர் பேக்கப் எடுக்கும் லட்சணம் நமக்குத் தெரியும். கிளவுடில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பொருள் பத்திரமாக இருக்கும், நாம் உள்ளே போக முடியாமல் போகலாம்.

மலிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. பெட்டி உடைவதற்கு முன்பே அதற்கான சாஃப்ட்வேரின் ஆயுள் முடிந்துவிடுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அந்தத் தேதியில் ‘பழசு’ ஆகிவிட்டன, ஒரு பாகம்கூடத் தேயாமல். குரோம்புக்குகளும் இதே காரணத்துக்காகத் திட்டு வாங்கின, 2023ல் கூகுள் பத்து வருடம் அப்டேட் தருவதாகச் சொன்னது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமே என்று சொல்வீர்கள். போடலாம், நான் போட்டிருக்கிறேன், பெரும்பாலான வேலை பிரவுசரிலேயே நடப்பதால் முன்பைவிட அது இப்போது எளிது. கிளவுடின் உபயம் என்று இதையும் எழுதிக்கொள்ளலாம்: எந்த இயங்குதளம் என்பது பலருக்குப் பொருட்டே இல்லாமல் போய்விட்டது.

விற்பனைக் கணக்கும் இதைக் காட்டுகிறது. உலக அளவில் பிசி விற்பனை 2011 வாக்கில் வருடத்துக்கு 35 கோடிக்கு மேல் போய் உச்சம் தொட்டது, அதற்கப்புறம் சரிந்துகொண்டே வந்து, பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது மறுபடி ஏறி, 2023ல் 26 கோடி வாக்கில் வந்து நின்றது. அழிவு என்று இதைச் சொல்ல முடியாது. பொழுதுபோக்குக்குப் போன் வந்துவிட்டதால், உட்கார்ந்து வேலை செய்ய மட்டும் பிசி என்று சுருங்கியது.

ஆனால் கடைசி இரண்டு மூன்று வருடத்தில் செயற்கை நுண்ணறிவு வந்து, மேசைக்கும் மையத்துக்கும் நடுவில் ஆடும் இந்த ஊஞ்சலை இரண்டு பக்கமும் இழுக்கிறது. பெரிய மாடல்கள் சர்வர்கள் குவிந்திருக்கும் டேட்டா சென்டரில்தான் ஓடும், அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் சிப்பும் மேசையில் நடக்கிற காரியம் இல்லை. அதே சமயம், எல்லாக் கேள்விக்கும் சர்வரில் செலவு செய்தால் கட்டுப்படியாகாது என்று நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால் 2024ல் மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ் பிசி’ என்று ஒரு வகையை அறிவித்தது, அதில் நுண்ணறிவு வேலைக்கென்றே தனிச் சிப் பகுதி, குறைந்தது 16 ஜிகாபைட் ராம் என்று நிபந்தனை. பத்து வருடமாக ‘பெட்டி எதுவானால் என்ன’ என்று சொன்னவர்கள் இப்போது ‘நல்ல பெட்டியாக வாங்குங்கள்’ என்கிறார்கள்.

வாங்கலாம், ஆனால் ராமின் விலையைப் பார்த்தீர்களா? மலிவு என்பது எப்போதும் கீழ்நோக்கியே போகும் என்று நம்பிக்கொண்டிருந்த நமக்கு 2025ன் கடைசி மாதங்கள் ஒரு அடி. டேட்டா சென்டர்களுக்கான மெமரி சிப்புகளுக்குத் தேவை அவ்வளவு பெருகிவிட்டதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள், சாதாரண ராமின் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், பொதுமக்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் குரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தது. மலிவான பிசி பாகங்களால் பிறந்த கிளவுட், இப்போது பிசி பாகங்களின் விலையை ஏற்றுகிறது. இது எத்தனை நாள் நீடிக்கும் என்பதைப் பொறுத்து, மேசையில் இருக்கும் பெட்டி இன்னும் மெலிந்து வெறும் ஜன்னலாகுமா, இல்லை மறுபடி தடிக்குமா என்பது தெரியும். என் ஊகம், வாங்குகிறவர்கள் இரண்டாகப் பிரிவார்கள்: பெரும்பாலானோர் கையில் லேசான ஜன்னல், எடிட்டிங், விளையாட்டு, நிரல் எழுதுவது என்று சொந்த பலம் தேவைப்படுகிற சிலரிடம் கனத்த பெட்டி. நடுவில் இருக்கும் ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்ற குடும்பக் கம்ப்யூட்டர்தான் காணாமல் போகும், பாதி போய்விட்டது.

அந்த வராத ஃபோல்டர். டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் அது. கிளவுடோடு சேர்க்கவேண்டிய பட்டியலில் அது இல்லை, நானும் சேர்க்கவில்லை. குப்பை என்று நினைத்த அதற்குள்தான் அம்மா பேசி அனுப்பிய சில ஆடியோ பதிவுகள் இருந்தன, அப்புறம் எடுத்து வைக்கலாம் என்று அப்படியே விட்டிருந்தேன். சரி, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் வந்துவிடும் என்று நினைத்தேன். பழைய காலத்தில் அப்படித்தான் செய்வோம், நாலு ஸ்க்ரூ, ஒரு கேபிள், பத்து நிமிடம். பழுது பார்க்கிறவர் அடிப்பலகையைத் திறந்து காட்டினார். டிஸ்க் என்று தனியாக ஒன்று இல்லை. மதர்போர்டின் மேலேயே பற்றவைத்த கறுப்புச் சதுரம் ஒன்று, அதைச் சுற்றித் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம். “எல்லாம் கிளவுடில் இருக்குமே சார்” என்றார்.